வராத காரைக்கு மருந்து

மின் நிலையத்தில் எல்லோரும் அவளைச் சொட்டு மருந்து என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே மேடம். அந்தப் பக்கம் திரும்பியதும் சொட்டு மருந்து. அறைக் கதவில் ‘தலைமை வேதியியலாளர்’ என்று பித்தளையில் பொறித்த பலகை தொங்கியது. அதை முழுதாகப் படித்தவர் அதைத் துடைக்க வருகிறவர் மட்டும்தான். அவரும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்.

அவள் வேலை புரிய வேண்டுமென்றால் அங்கிருந்த கிணறுகள் புரிய வேண்டும். வாளி கட்டி இறைக்கிற கிணறு இல்லை. இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் பூமியைத் துளைத்து இரும்புக் குழாய் இறக்கியிருந்தார்கள். அடியில் கிடக்கிற தண்ணீருக்கு இருக்கிற சூட்டைப் பார்த்தால், நம் வீட்டு அடுப்பில் கொதிக்கிற தண்ணீர் மண்பானையில் குளிர்ந்த தண்ணீர் மாதிரி. அது தானாகவே பொங்கி மேலே வரும். வரும் வழியில் அழுத்தம் குறைந்து, ஓர் இடத்தில் சட்டென்று கொதித்து ஆவியாகும். அந்த ஆவி டர்பைனைச் சுழற்றும். ஊரில் விளக்கு எரியும். எண்ணெய் வேண்டாம், கரி வேண்டாம்.

இதில் ஒரே ஒரு வில்லங்கம். அந்தத் தண்ணீர் பாறைகளுக்கு நடுவில் காலங்காலமாக ஊறிக் கிடந்து, பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குடித்திருக்கிறது. ஆவியாகத் தொடங்குகிற அதே இடத்தில், குடித்ததையெல்லாம் கக்கிவிடும். கக்கியது குழாயின் உள்சுவரில் வெள்ளைக் காரையாகப் படியும். தண்ணீர் காய்ச்சுகிற கெட்டிலின் அடியில் பிடிக்குமே, அதே சங்கதிதான். ஆனால் கெட்டிலில் பிடித்தால் தேய்த்துக் கழுவலாம். இங்கே, பூசணிக்காய் நுழைகிற குழாய் சில மாதங்களில் எலுமிச்சம்பழம் நுழையாத குழாயாகிவிடும்.

அது நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் விரலை விட மெல்லிய எஃகுக் குழாய் ஒன்று, தண்ணீர் கொதிக்கிற இடத்துக்கும் கீழே வரை தொங்கியது. மேலே ஒரு சின்ன பம்ப், டொக் டொக்கென்று அதன் வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். காரைத் துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளாமல் அந்த மருந்து விலக்கிவைக்கும். அவ்வளவுதான். கைகோக்கவில்லை என்றால் படியாது. தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும்.

ஆக, அவள் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது. எதுவுமே நடக்காத இடத்தில் ஒருத்தி வேலை செய்கிறாள் என்று யார் நம்புவார்கள்?

அவளிடமும் ஒரு குறை உண்டு. காரையைப் பற்றி யாராவது தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால், பாறை பிறந்த கதையிலிருந்து ஆரம்பிப்பாள். கேட்டவர் கடிகாரத்தைப் பார்த்தாலும் விடமாட்டாள். கொட்டாவி விட்டால் முதலிலிருந்து சொல்வாள். கேன்டீனில் அவள் தட்டோடு வருவதைக் கண்டால் பக்கத்து மேசையில் திடீரென்று எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிடும். தன்னைப்போல விஷயம் தெரிந்த ஆள் அந்த வளாகத்திலேயே கிடையாது என்பது அவள் எண்ணம். அது உண்மையும்கூட. உண்மையாக இருந்ததால்தான் யாருக்கும் பொறுக்கவில்லை.

இப்படி இருக்கையில் புதிய பொது மேலாளர் வந்து சேர்ந்தார். முன்பு பிஸ்கட் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தவர். பிஸ்கட்டின் கனத்தில் ஒரு நூல் குறைத்து, மேலே இருக்கிற பொத்தல்களில் இரண்டைக் கூட்டினாராம். வாங்குகிறவர்கள் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. கம்பெனி அவரைத் தூக்கிக் கொண்டாடியது. உலகத்தில் எதையும் ஒரு நூல் மெலிதாக்கலாம் என்ற ஞானத்தோடு மின் நிலையத்துக்குள் காலெடுத்து வைத்தார். ஒரே வாரத்தில் அவருக்கும் பெயர் விழுந்துவிட்டது: பிஸ்கட்.

முதல் பெரிய கூட்டத்திலேயே அவர் கண் மருந்துச் செலவின் மேல் பட்டது.

“மேடம், இந்த மருந்து எதுக்கு?”

யாரும் கேட்காத கேள்வியை ஒருவர் கேட்டுவிட்ட சந்தோஷத்தில் அவள் எழுந்தே நின்றுவிட்டாள். “காரை பிடிக்காம இருக்கறதுக்கு சார்.”

“எங்க பிடிச்சிருக்கு, காட்டுங்க பார்ப்போம்.”

“பிடிக்கல சார்.”

“பிடிக்கலையா?”

“மருந்து போடறதால பிடிக்கல.”

“சரி, போன வருஷம்?”

“இல்ல சார்.”

“அதுக்கு முந்தின வருஷம்?”

“அப்பவும் இல்ல. ஆனா சார்...”

பிஸ்கட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “அப்ப இல்லாத ஒண்ணுக்கு வருஷக்கணக்கா வைத்தியம் பார்த்துட்டு இருக்கோம்.”

கணக்கு அதிகாரி முதலில் சிரித்தார். மேலதிகாரியின் நகைச்சுவைக்கு முதலில் சிரிப்பது தன் இலாகா என்று அவர் நினைத்திருந்தார். அவர் சிரித்ததும் மேசை முழுக்கச் சிரிப்பு பரவியது.

“சார், நீங்க குடை பிடிச்சிட்டுப் போறீங்க. நனையல. அதுக்காக மழையே பெய்யலைன்னு சொல்வீங்களா?” என்றாள் அவள். என்றைக்கோ குளிக்கும்போது யோசித்து வைத்திருந்த வரி அது.

“மழை கண்ணுக்குத் தெரியும் மேடம்.”

இந்தத் தடவை கணக்கு அதிகாரி மேசையையே தட்டினார். அவளுக்குக் காது மடல் சூடேறியது. அங்கே வாயை மூடியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம். அவள் பாறை பிறந்த கதையை எடுத்தாள். அழுத்தம், கரியமில வாயு, சுண்ணாம்பு என்று அவள் பலகையில் அம்புக்குறி போடப் போட, ஒவ்வொருவராகக் கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்தார்கள். அவள் மூச்சு வாங்க நிறுத்திய நேரத்தில் பிஸ்கட் தீர்ப்புச் சொன்னார்.

“நாலாம் கிணத்துல நிறுத்திப் பார்க்கலாம். ஒரு சோதனைதானே.”

நாலாம் கிணறு அந்த நிலையத்தின் கறவை மாடு. பாதி மின்சாரம் அதிலிருந்துதான் வந்தது. சோதனை செய்து பார்க்க அவருக்கு வேறு கிணறு கிடைக்கவில்லை.

“நிறுத்தறதா இருந்தா, உள்ள தொங்கற மருந்துக் குழாயை வெளிய எடுத்துடலாம் சார். விட்டா அதையும் சேர்த்துக் காரை கவ்விடும். அப்புறம் மருந்து போடணும்னாலும் முடியாது,” என்றாள்.

“எடுக்கறதுக்கு ஆள், கிரேன், ரெண்டு நாள் வேலை. வராத காரைக்குப் பயந்து அதை வேற செய்யணுமா? விடுங்க, பார்த்துக்கலாம்.”

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. கணவன் பல் மருத்துவன். வீட்டின் முன்னறைதான் அவன் கிளினிக். கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். நடந்ததை அவள் கொட்டித் தீர்த்தாள்.

“இதுக்கே அசந்துட்டா எப்படிம்மா?” என்றான் அவன். “இத்தனை வருஷத்துல ‘டாக்டர், என் பல்லு நல்லா இருக்கு, ரொம்ப நன்றி’ன்னு ஒருத்தராவது என்கிட்ட வந்து சொல்லியிருக்காங்களா? வீங்கின கன்னத்தோட வந்து, பிடுங்கிக்கிட்டுப் போனவங்கதான் ஊர் முழுக்க என் புகழ் பாடறாங்க.”

கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியார் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். “எனக்கென்னவோ அந்த மேலாளர் கேட்டதும் நியாயமாத்தான் படுது. ஒண்ணுமே வரலைன்னா எதுக்கு மருந்து?”

“அத்தை, மருந்து போடறதாலதான் வரல.”

“அப்படித்தான் இவனும் சொல்றான், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாயைக் காட்டணும்னு. வலிச்சா காட்டறேன். வலிக்காத பல்லைப் பெத்த பிள்ளைகிட்ட ஆன்னு தொறந்து காட்டிட்டு நிக்கறதா? நல்லாவா இருக்கு?”

பல் மருத்துவன் மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

மறுநாள் நாலாம் கிணற்றுக்குப் போய்ப் பம்ப்காரரிடம் சொன்னாள். “அண்ணே, நிறுத்திடுங்க.”

“நிஜமாவா மேடம்?”

“மேலிடத்து உத்தரவு.”

அவர் சுவிட்சைத் தட்டினார். டொக் டொக் நின்றது. ஆவிக் குழாயின் இரைச்சலுக்கு நடுவில் அந்தச் சின்னச் சத்தம் நின்றதை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவளுக்கு மட்டும் காதுக்குள் என்னவோ பள்ளமாகிவிட்டது போல இருந்தது.

அதன் பிறகு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. முதல் வாரம் ஒன்றுமில்லை, இரண்டாம் வாரம் ஒன்றுமில்லை. போதாக்குறைக்கு ஒரு நாள், கருவிக்கு என்ன கேடோ, அழுத்தம் ஒரு புள்ளி ஏறியே காட்டித் தொலைத்தது. பிஸ்கட் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்: ‘மருந்தில்லாமல் ஆரோக்கியமாக இருக்கிறது நமது நாலாம் கிணறு!!!’ கேன்டீன் சுவரில் ஒரு படம் ஒட்டினார்கள். ஒரு சொட்டு, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அந்தச் சொட்டின் மேல் யாரோ பேனாவால் இரண்டு கண்ணும் ஒரு மூக்குக்கண்ணாடியும் வரைந்துவிட்டார்கள். அவள் அணிந்திருந்த கண்ணாடியேதான் அது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் போய் நாலாம் கிணற்றின் அழுத்தமானியைப் பார்த்துவிட்டு வந்தாள். வெளியில் சொல்லவில்லை, ஆனால் அவள் காத்திருந்தது காரைக்காக. வாழ்நாள் முழுக்க எதை வரவிடாமல் மல்லுக்கட்டினாளோ, அது சீக்கிரம் வந்து தொலைக்கக் கூடாதா என்று ஏங்கினாள். ஒரு காலை வேளையில் முள் இறங்கியிருந்தது. கொஞ்சம்தான். ஐயோ என்று பதற வேண்டியவள், அப்பாடா என்று மூச்சு விட்டாள். பம்ப்காரரைக் கேன்டீனுக்கு அழைத்துப் போய் டீயும் கேக்கும் வாங்கிக் கொடுத்தாள். எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. கேட்டால் பாறைக் கதை வந்துவிடுமோ என்று பயந்து, பேசாமல் சாப்பிட்டார்.

முள் தொடர்ந்து இறங்கியது. அவள் பிஸ்கட்டின் அறைக்குப் போனாள்.

“சார், நாலாம் கிணறு அடைக்க ஆரம்பிச்சிருக்கு.”

“சீசன் மேடம். மழைக்காலத்துல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.”

“ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல மழைக்காலம் வெயில்காலம் எல்லாம் கிடையாது சார்.”

“அப்ப வால்வை இன்னும் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்க.”

“திறந்தா தண்ணி இன்னும் ஆழத்துலயே கொதிக்க ஆரம்பிக்கும். காரை கீழேயும் பிடிக்கும்.”

“மேடம்,” என்றார் பிஸ்கட், குழந்தைக்குச் சொல்வது போல. “குழாயைத் திறந்தா தண்ணி ஜாஸ்தி வரும். இது என் பேத்திக்கே தெரியும்.”

திறந்தார்கள். ஜாஸ்திதான் வந்தது. பேத்தி ஜெயித்துவிட்டாள். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டு வந்தது. பிஸ்கட் வளாகத்தில் நடக்கும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அந்த நடை பத்துப் பதினைந்து நாள் தாங்கியது. அப்புறம் நாலாம் கிணறு மளமளவென்று விழுந்தது. முதலில் கால்வாசி போயிற்று, பிறகு பாதி. டர்பைன் இருமுகிற சத்தம் குடியிருப்பு வரைக்கும் கேட்டது. ஊரில் மாலை நேரத்தில் விளக்குகள் மங்கின. யாரோ ஒரு மந்திரி வீட்டு மின்தூக்கி நடுவழியில் நின்றுவிட்டதாக வதந்தி கிளம்பிய அன்றுதான், பிஸ்கட் நாற்காலியை விட்டு எழுந்தார். அவரே அவள் அறைக்கு ஓடிவந்தார்.

“மேடம், உடனே மருந்தை ஆரம்பிங்க.”

“இது காரையைக் கரைக்கற மருந்து இல்ல சார். பிடிக்காம தடுக்கற மருந்து. பிடிச்ச பிறகு ஒண்ணும் பண்ணாது.”

“ரெண்டு மடங்கு போடுங்க.”

“ரெண்டு மடங்கு ஒண்ணும் பண்ணாது சார்.”

இதைச் சொன்னபோது அவளுக்குள் ஏற்பட்ட சுகத்தை அவள் கணவனிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை.

முதலில் உள்ளே தொங்கிய மருந்துக் குழாயையாவது உருவிவிடலாம் என்று கிரேன் கொண்டுவந்தார்கள். காரை அதை உடும்பாகப் பிடித்திருந்தது. இழு இழு என்று பிஸ்கட் கத்தினார். கிரேன் முனகியது. படீரென்று குழாய் அறுந்தது. மேல் துண்டு சாட்டையாகச் சுழன்று வந்ததில் பம்ப்காரர் தரையோடு தரையாகப் படுத்தார். கணக்கு அதிகாரி காருக்கு அடியில் போய்விட்டார். மிச்சக் குழாய் கிணற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. அவள் அறுந்த முனையை எடுத்துப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். அதைக் கண்டு பிஸ்கட்டுக்குத்தான் எரிச்சல்.

வேறு வழியில்லாமல் ரிக்காரரை அழைத்தார்கள்.

ரிக்காரர் என்றால் அடைத்த கிணறுகளைத் துளைபோட்டுத் திறந்துவிடுகிற ஒப்பந்தக்காரர். தங்க நிறத் தலைக்கவசம், வீட்டுக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. அவருடைய லாரிகள் சைரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் வரிசையாக நுழைந்தபோது கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நாலாம் கிணற்றின் மேல் கோபுரம் போல ஓர் இரும்புச் சட்டம் எழுந்தது. சேறும் புகையும் இரைச்சலுமாக வளாகமே அமர்க்களப்பட்டது. ஊழியர்கள் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள். பிஸ்கட் தினமும் ஒரு புது மேலங்கியில் வந்து, சேற்றைக் கொஞ்சம் பூசிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கணவனும் தன் அம்மாவோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டான். தரையில் கிடத்தியிருந்த துளைமுனையின் எஃகுப் பற்களை அவன் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கண்ணில் பொறாமை மின்னியது.

“இவரு வேலைன்னா இதுதான் வேலை,” என்றாள் மாமியார் மருமகளிடம், ரிக்காரரைக் காட்டி. “பாரு, எவ்வளவு பாடுபடறாரு. நீயும் இந்த மாதிரி ஏதாவது செய்யக்கூடாதா?”

“என்னைச் செய்ய விட்டிருந்தா இவர் வரவே வேண்டியதில்ல அத்தை.”

“அப்ப ஏன் செய்யல?”

அவள் அங்கிருந்து நகர்ந்து ரிக்காரர் பக்கம் போய் நின்றாள். அவர் கறுப்புக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிச் சிரித்தார்.

“மேடம், உங்ககிட்ட மறைக்காம சொல்றேன். நீங்க ஒழுங்கா வேலை பார்த்த வருஷமெல்லாம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் சம்சாரம்கூடக் கேட்டா, அந்த ஊர்ல உங்களுக்கு யாராவது வேண்டாதவங்க இருக்காங்களான்னு.”

“இந்தத் தடவை வேண்டியவர் கிடைச்சுட்டாரே.”

“நல்ல மனுஷன்,” என்றார் ரிக்காரர், பிஸ்கட் இருந்த திசையில் பார்த்து மரியாதையாகத் தலையைத் தாழ்த்தி.

அறுந்து விழுந்த குழாயைக் கொக்கி போட்டுத் துண்டு துண்டாக எடுத்தார்கள். பிறகு காரையை அரைத்து அரைத்துக் கீழே போனார்கள். கடைசியில் ஒரு நாள் கிணறு உறுமிக்கொண்டு வெள்ளை ஆவியை வானத்துக்குத் துப்பியது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். கிணறு என்ன செய்யும் பாவம்?

விழா எடுத்தார்கள். கம்பெனியின் தலைவி அம்மையாரே நேரில் வந்தார். கிணற்றிலிருந்து வெட்டியெடுத்த காரையில் ஒரு துண்டைப் பளபளவென்று தேய்த்து, மரப் பீடத்தில் பொருத்தி நினைவுச் சின்னமாகச் செய்திருந்தார்கள். பார்க்க வெண்பளிங்கு மாதிரி அழகாகவே இருந்தது. ரிக்காரருக்கு ஒன்று, பிஸ்கட்டுக்கு ஒன்று. பிஸ்கட்டினுடையதில் ‘நெருக்கடியில் காட்டிய துணிச்சலுக்காக’ என்று பொறித்திருந்தது.

மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால் கணக்கு அதிகாரி அவளிடம் வந்தார். “மேடம், பரிசுத் தட்டை நீங்க பிடிச்சுக்கறீங்களா? லேடீஸ் பிடிச்சா பார்க்க நல்லாயிருக்கும்.”

“எனக்குக் கை வலி,” என்றாள். “நீங்க பிடிங்க. நீங்களும் பார்க்க நல்லாத்தான் இருக்கீங்க.”

தட்டைக் கணக்கு அதிகாரியே பிடித்தார். பளிங்கு கனம், மேடையில் அவர் முழங்கை நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பிஸ்கட்டின் உரையை அவள் சரியாகக் கேட்கவில்லை. தலைவி அம்மையார் இறங்கி வந்து கைகுலுக்கிக்கொண்டே போனவர், அவள் முன்னால் நின்றார்.

“நீங்கதான் இதுக்கு வேதியியல் பார்க்கறவங்களா? இனிமே இந்தக் காரை வராதில்ல?”

கேள்வி! அதுவும் தலைவியே கேட்கிற கேள்வி! அவள் வாயைத் திறந்தாள். பாறை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் பின்னாலிருந்து பிஸ்கட் முந்திக்கொண்டார்.

“வரட்டும் மேடம்! வந்தா நாங்க ரெடி!”

தலைவி அம்மையார் பூரித்துப்போனார். அந்த வாக்கியம் மறுநாள் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வந்தது. அடுத்த மாதமே பிஸ்கட்டைத் தலைமை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டார்கள். கம்பெனியின் எல்லா நிலையங்களையும் ஒரு நூல் மெலிதாக்குவது இனி அவர் பொறுப்பு. விடைபெறும்போது அவளைத் தனியாக அழைத்துப் புத்திமதி சொன்னார்.

“நீங்க நல்லா உழைக்கறீங்க மேடம். ஆனா பாருங்க, நீங்க செய்யறது எதுவும் வெளிய தெரியறதில்ல. அதைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க.”

அவர் இடத்துக்கு வந்தவர் வங்கியிலிருந்து வந்தார். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். மாடிப்படியில் கைப்பிடியை விடாமல் இறங்குவார். காபியை ஊதி ஊதி ஆறவைத்து, ஆறிவிட்டதா என்று வேறொருவரைக் கேட்டுவிட்டுக் குடிப்பார். முதல் நாள் அவருக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டினார்கள். அவள், கணக்கு அதிகாரி, பம்ப்காரர் எல்லோரும் கூட நடந்தார்கள். புதுக் குழாய் இறக்கியிருந்த நாலாம் கிணற்றின் பக்கத்தில் பம்ப் மறுபடி டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. வங்கிக்காரர் நின்றார்.

“இந்தச் சின்ன மிஷின் எதுக்கு?”

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். பக்கவாட்டில் கணக்கு அதிகாரியின் உதடு சிரிப்புக்குத் தயாராவது தெரிந்தது. பம்ப்காரர் எங்கோ ஆகாயத்தைப் பார்த்தார். பாறை, அழுத்தம், கரியமில வாயு, சுண்ணாம்பு எல்லாம் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றன. அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

“அது நின்னா கிணறு வெடிச்சிடும் சார்.”

வங்கிக்காரர் சட்டென்று பின்வாங்கியதில் கணக்கு அதிகாரியின் காலை மிதித்துவிட்டார். “வெடிச்சிடுமா? எவ்வளவு தூரத்துக்கு?”

“உங்க குவார்ட்டர்ஸ் இங்கிருந்து எவ்வளவு தூரம் சார்?”

அதற்கு மேல் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தார். கடுகளவு தப்பான அளவைக்கூட வாழ்க்கையில் சொல்லாதவள் அவள். ஓர் அழுத்தக் கணக்கில் தசமப் புள்ளி இடம் மாறியதற்காக ஒரு வாரம் தூக்கம் தொலைத்தவள். இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே கூசியது. ஆனால் கூச்சத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் குதித்துக்கொண்டிருந்தது. கணக்கு அதிகாரி அன்று சிரிக்கவில்லை. நொண்டிக்கொண்டே வந்தார்.

அந்த வாரத்திலேயே எல்லாக் கிணறுகளுக்கும் மருந்து வந்து இறங்கியது. ஒரு வருடத்துக்குப் போதுமான மருந்து. அதுவரை அவள் எத்தனையோ தடவை கேட்டும் கிடைக்காத மாற்று பம்புகள் வந்தன. மாற்று பம்புக்கு மாற்று பம்பும் வந்தது. பம்ப் நின்றால் கூவுகிற மணி ஒன்று, நேராக வங்கிக்காரரின் படுக்கையறையில் பொருத்தப்பட்டது. அத்தனை வருடக் கூட்டங்களில் பலகை பலகையாக வரைந்து சாதிக்காததை ஒரே வரியில் சாதித்துவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது கணவன் சிரித்துச் சிரித்து நோயாளி நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். மாமியார் சிரிக்கவில்லை. அகப்பையோடு ஓடிவந்தாள்.

“வெடிக்குமா? அய்யய்யோ! வெடிக்கற இடத்துலயா இத்தனை நாளா வேலை பார்க்கற? நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வந்துடு!”

“வெடிக்காது அத்தை. நான் சும்மா சொன்னேன்.”

“சும்மா சொன்னா அந்த மனுஷன் ஏன் மணியெல்லாம் மாட்டறாரு? என்கிட்ட மறைக்காத.”

மாமியாரை அதன் பிறகு நம்பவைக்க முடியவில்லை. பாறைக் கதையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொல்லிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார், “சரி, எப்ப வெடிக்கும்?” என்றாள்.

நாலாம் கிணற்றின் பம்பைச் சுற்றி வேலி வந்தது. வேலியில் மண்டையோடு வரைந்த பலகை வந்தது. வாசலில் சீருடை போட்ட காவலாளி ஒருவர் வந்து நின்றார். மருந்துத் தொட்டியை நிரப்பலாம் என்று ஒரு நாள் காலையில் பம்ப்காரரோடு அவள் போனபோது, காவலாளி கையை நீட்டி மறித்தார்.

“பெரியவரு கையெழுத்து இல்லாம யாரும் உள்ள போகக்கூடாது மேடம்.”

“நான்தான் இதைப் பார்த்துக்கறவ.”

“யாரா இருந்தாலும் கிட்ட விடாதேன்னு சொல்லியிருக்காரு. வெடிக்கற சாமானாம்.”

“தொட்டி காலியானா பம்ப் நின்னுடும்பா.”

காவலாளியின் முகம் வெளுத்தது. “நின்னா வெடிச்சிடுமே மேடம்!”

“அதனாலதான் சொல்றேன், உள்ள விடு.”

“கையெழுத்து வாங்கிட்டு வாங்க மேடம். சீக்கிரம் வாங்க.” அவர் தானும் வேலியிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

பம்ப்காரர் கீழே பார்த்தபடி செருப்பால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் குலுங்குவதை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

கையெழுத்துக்காக வங்கிக்காரரின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவள் கைபேசி அடித்தது. தலைமை அலுவலகத்திலிருந்து பிஸ்கட். சேதி அங்கே வரைக்கும் போயிருந்தது. தலைவி அம்மையாரின் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். குரலில் பழைய மிதப்பு இல்லை.

“என்ன மேடம் இது? வெடிக்கும்னு அப்பவே என்கிட்ட சொல்லியிருந்தா நான் நிறுத்தச் சொல்லியிருப்பேனா? இவ்வளவு முக்கியமான விஷயத்தை மறைச்சிட்டீங்களே. மழை, குடைன்னு என்னென்னமோ சொன்னீங்க!”

அவள் ஒரு கணம் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தாள். உள்ளே வங்கிக்காரர் காபியை ஊதுகிற சத்தம் கேட்டது.

“அப்ப எனக்கு அவ்வளவா விவரம் போதாது சார்,” என்றாள்.

“இனிமேலாவது எதையும் தெளிவா சொல்லப் பழகுங்க.”

“சரிங்க சார்.”

உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். கையெழுத்து வாங்க வேண்டிய அனுமதிச் சீட்டை நீட்டிக்கொண்டு எழுந்து போனாள்.